பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் மருத்துவச் செலவும்

கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் முறிக்கலாம். பெற்றோர் பிள்ளை என்ற உறவை எந்த நீதிமன்றமும் முறிக்கவியலாது. மணமுறிவுக்குப் பின் பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் எப்படியோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. நோய் வரும்போதுதான் பழைய பிணக்கு மீண்டும் தலைதூக்குகிறது. "மாதந்தோறும் பணம் தருகிறேனே!" என்பார் தந்தை. "அது சாப்பாட்டுக்கே போதவில்லையே!" என்பார் தாய். இருவருக்கும் இடையே நோயுற்ற குழந்தை காத்துக் கிடக்கிறது.

சட்டம் கூறுவது என்ன? கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள், பிள்ளைகளின் பாதுகாவல், பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்து ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கின்றன. பிள்ளையின் வாழ்க்கைச் செலவில் மருத்துவச் செலவும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் கூறியுள்ளது.

இருவரும் ஊதியம் பெறுவோராயின், சுமையும் இருவர்க்கும் உரியதே. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், தந்தையின் ஊதியம் தாயினுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 3,000 ரூபாய் என வகுத்து, அதனை 2-க்கு 1 என்ற விகிதத்தில் இருவரும் ஏற்கப் பணித்தது. அது இந்துக்களுக்கான சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கேயாயினும், அதன் நியாயம் எவர்க்கும் பொருந்தும். இவ்விகிதப்படி, அறுவைச் சிகிச்சைக்கு 30,000 ரூபாய் ஆனால், தந்தை 20,000, தாய் 10,000 ரூபாய் ஏற்பர்.

பிரியும் வேளையிலேயே சிலவற்றை எழுத்தில் வரையறுத்து, நீதிமன்ற ஆணையில் இடம்பெறச் செய்தல் நன்று. சளி, காய்ச்சல் போன்ற சிறு செலவுகள் மாதத் தொகையில் அடங்குமா? மருத்துவமனையில் தங்குதல், பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை எந்த விகிதத்தில் பகிர்வது? மருத்துவக் காப்பீட்டின் தவணையை யார் செலுத்துவது? இரசீதுகளை எத்தனை நாளுக்குள் காட்டுவது, எத்தனை நாளுக்குள் பங்கைக் கொடுப்பது? உயிருக்கு ஆபத்தான வேளையில் மற்றவரின் இசைவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

பிரிந்தோரின் பிள்ளைகளைத் திருச்சபையும் மறக்கவில்லை. தம்பதியர் பிரியும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154-ஆம் பிரிவு விதிக்கிறது.

பெற்றோரே, மருத்துவமனை இரசீதைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். தன் நோய்தான் தாய் தந்தையரின் சண்டைக்குக் காரணம் என்று அப்பிஞ்சு உள்ளம் எண்ணிவிடும். முதலில் மருந்து, கணக்கு பிறகு.