மதீனத்து ஈத்தம்பழமும் நெளுக்குளத்துக் கடிதமும்



"மௌலவி, இதை அரபியில் எழுதித் தருவீங்களா?" என்று கேட்டு, நெளுக்குளத்துச் சகோதரி ஒருவர் தன் மகனோடு வந்தார். சவூதியிலிருந்து ஈத்தம்பழம் இறக்கி வவுனியாக் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய திட்டம். கணவர் இல்லை. நகை விற்ற பணம்தான் முதல். அங்குள்ள மூன்று வியாபாரிகளுக்கு அறிமுகக் கடிதம் வேண்டுமாம்.

மகன் எழுதியிருந்த பிரதியில் "இலங்கையின் முன்னணி நிறுவனம்", "நாடெங்கும் கிளைகள்" என்றெல்லாம் இருந்தது.

"கிளைகள் எங்கே, தங்கச்சி?" என்றேன். அவர் தலை குனிந்தார். "சின்ன ஆக்கள் என்று தெரிந்தால் பதில் போடமாட்டாங்க, மௌலவி" என்றான் மகன்.

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. ஆனால் விற்பவர் முதலில் கேட்பது வியாபாரப் பதிவையும் வங்கி விபரத்தையும்தான். பொய் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். அதிலும் 2022ல் நம் நாட்டில் டொலர் இல்லாமல் உணவுக் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்ததை வெளிநாட்டு வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பெருமை அல்ல, நம்பிக்கை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கும் பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் பணித்தார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்; புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த மூன்றையும் வைத்தே கடிதத்தைத் திருத்தினோம்.

அளவு: "நாங்கள் புதியவர்கள். தனிக் கொள்கலன் நிரப்ப எங்களால் இயலாது. கொழும்பு இறக்குமதியாளர் ஒருவரின் சரக்கோடு சேர்த்து எடுப்போம்" என்று முதலிலேயே எழுதினோம்.

எடை: எந்த இனம், எந்தத் தரம், பெட்டி நீங்கலாகப் பழம் மட்டும் எத்தனை கிலோ, விலையில் கொழும்பு வரையான கப்பல் கூலியும் காப்புறுதியும் அடங்குமா என்று கேட்டோம். மாதிரிப் பழமும் கேட்டோம்.

தவணை: நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது, 2030ல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரு முறை தொடங்கும். ஆகவே "வழக்கமான மாதம்" என்று எழுதாமல், சரக்கு கொழும்பில் இறங்க வேண்டிய திகதியையே குறித்தோம். இறக்குமதி உணவு துறைமுகம் சேரும்போது அதன் ஆயுளில் 60 வீதம் மீதமிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பன்னிரண்டு மாத ஆயுளுள்ள பெட்டி என்றால் ஏழு மாதத்துக்கு மேல் மீதமிருக்க வேண்டும். இதையும் எழுதினோம்.

பணம் வங்கியின் நாணயக் கடிதம் மூலம் என்றோம். ஆனால் சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள்: வங்கி பார்ப்பது ஏற்றுமதிப் பத்திரங்களை, பழத்தை அல்ல. பத்திரம் சரியாக இருந்து பழம் புழுத்திருந்தாலும் பணம் போய்விடும். மாதிரி பார்க்காமல் நகைப் பணத்தை நீட்டாதீர்கள்.

மூவரில் இருவர் பதில் தரவில்லை. மூன்றாமவர் மாதிரிப் பெட்டி அனுப்பி, "சிறிதாகவே தொடங்குங்கள்" என்று எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது மகன் தாயைப் பார்த்துச் சிரித்தான்.

உண்மையைச் சொன்னதால் இரண்டு கதவுகள் மூடியிருக்கலாம். திறந்த ஒரு கதவு பொய்யால் திறந்ததல்ல. அந்தக் கதவுக்குள் அச்சமின்றி நுழையலாம். அல்லாஹ் அவர் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!