தண்ணீர் விழுந்ததா?

பச்சைப் பட்டனை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மோட்டாருக்குக் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அப்பா அந்தச் சத்தத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து, தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பார். முதலில் காற்று புஸ்ஸென்று வரும். அடுத்து துருநிறத்தில் நாலு வாய். பிறகு வெள்ளையாகத் திரண்டு விழும். அது விழுந்த பிறகுதான் மண்வெட்டி தோளுக்கு ஏறும்.

பெண்ணாடம் அருகே வெள்ளாற்றுப் படுகையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். நெல், கரும்பு, சில வருஷம் மக்காச்சோளம். நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். 2020-ல் ஊரடங்கு வந்தபோது மடிக்கணினியோடு சென்னையிலிருந்து திரும்பினேன். இன்றும் மாதத்தில் பாதி நாள் இங்கிருந்துதான் வேலை. புதிதாக வரும் மின்னணுச் சாமான் எதுவாக இருந்தாலும் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிடுவேன். அப்படி வந்த ஒரு சிறு பலகைதான் எங்கள் மோட்டார் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஸ்டார்ட்டரைப் புரிந்துகொள்ள வேண்டும். பச்சைப் பட்டனை அழுத்தும்போது உள்ளே ஒரு காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் மூன்று ஃபேஸும் மோட்டாரோடு சேர்ந்துகொள்கின்றன. கூடவே, பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்க ஒரு குறுக்குவழியும் திறக்கிறது. அதாவது காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கரண்ட் நின்றால் பிடி விட்டுப்போகும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தாமல் மோட்டார் ஓடாது.

இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. கரண்ட் போன நேரத்தில் ஒருவர் கை வைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது மோட்டார் திடீரென்று ஓடிவிடக் கூடாது. ஆனால் மும்முனை மின்சாரம் பகலில் இத்தனை மணி, இரவில் இத்தனை மணி என்று முறை வைத்து வரும் ஊரில், இதே ஏற்பாடுதான் விவசாயியைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியது 1937-ல். தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது 1990-ல். இன்று மாநிலத்தில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்குப் பிறகும், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய் ஒரு பட்டனை அழுத்த ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. வரப்பில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும். எங்கள் பகுதியில் அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் கதை இல்லாத தெரு இல்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பயம்தான்.

பலகையின் பெயர் இ.எஸ்.பி.32. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெஸ்ஸிஃப் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. தீப்பெட்டி அளவு, விலை ஐந்நூறு ரூபாய்க்குள். இதை மைக்ரோகன்ட்ரோலர் என்பார்கள். மடிக்கணினியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். என் மடிக்கணினியின் நினைவகம் 16 ஜிகாபைட். இதில் இருப்பது 520 கிலோபைட். முப்பதாயிரம் மடங்கு குறைவு. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரே ஒரு நிரலை ஏற்றிவிட்டால் கரண்ட் இருக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். ஓரங்களில் வரிசையாக இருக்கும் கம்பிக் கால்கள்தான் அதன் கண், காது, கை. ஒரு காலில் வரும் மின்னழுத்தத்தை அளக்கலாம், இன்னொரு காலில் மின்னழுத்தம் கொடுக்கலாம். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

இவ்வளவு குறைந்த இடத்தில் நிரல் எழுதும்போது சொல்லைச் சுருக்கும் ஒழுக்கம் தானாக வந்துவிடுகிறது. சிவஞானபோதத்தை 12 சூத்திரத்தில் முடித்த மெய்கண்டார் எங்கள் பெண்ணாடத்தவர். ஒரு தத்துவம் முழுவதையும் அந்த அளவுக்குள் அடக்கியவர் பிறந்த ஊர் என்ற நினைப்பு, தேவையில்லாத வரிகளை அழிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

பலகையிலுள்ள சில்லு வேலை செய்வது 3.3 வோல்ட்டில். மோட்டாருக்கு வருவது 440. இரண்டும் நேராகச் சந்தித்தால் சில்லு கண்ணிமைப்பதற்குள் கருகிவிடும். அதனால் நடுவே ரிலே. சில்லு கொடுக்கும் சிறு சைகையில் ரிலேக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் இழுத்து, தனியாக இருக்கும் இரண்டு தகடுகளைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். பச்சைப் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்புப் பட்டனின் வழியில் இன்னொன்று. பழைய பட்டன்கள் இரண்டும் அப்படியே கையாலும் இயங்க வேண்டும் என்பது அப்பா போட்ட முதல் நிபந்தனை. ஒயரிங் செய்தது எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் 440 பெட்டியைத் திறக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதல் வாரம் ஒரு விநோதம். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் சில்லு மயங்கி விழுந்து மறுபடி எழுந்தது. இரண்டு நாள் நிரலில்தான் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. ஸ்டார்ட்டர் காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று அறுத்தால், அதில் சேர்ந்திருந்த காந்தப் புலம் சரிந்து ஒரு கணம் பெரிய மின்னழுத்த அலையாகப் பாயும். அதுதான் சில்லைத் தட்டியது. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்த்துக் காயிலின் இரு முனைக்கும் இடையே கட்டியதும் அலை அடங்கியது. அலுவலக வேலையில் தப்பாகப் போனால் பழைய பதிப்பை ஏற்றிச் சமாளித்துவிடலாம். இங்கே தப்பாகப் போனால் மோட்டாரின் காயில் எரியும், போர்வெல்லிலிருந்து குழாய் குழாயாக அதை மேலே இழுக்க வேண்டும்.

அடுத்து, செல்பேசிக்கு ஒரு செயலி செய்தேன். வண்ணப் பட்டன்கள், வரைபடம் எல்லாம் வைத்து. அப்பா கையில் இருப்பது பட்டன் போன். அவர் என் திரையைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். செயலியை மூடிவைத்துவிட்டு ஒரு சிம் மாட்டும் தொகுதியை வாங்கிப் பலகையோடு இணைத்தேன். இப்போது கொட்டகைக்கே ஒரு போன் நம்பர். அப்பா அழைத்தால் எடுக்கும்; 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். எங்கள் வீட்டு மூன்று நம்பர்களைத் தவிர வேறு யார் அழைத்தாலும் எடுக்காது.

1 அழுத்தியது கொட்டகைக்கு எப்படித் தெரிகிறது? போனில் எண்ணை அழுத்தும்போது ‘பீப்’ என்று கேட்கிறதே, அது ஒரு சுரம் அல்ல, இரண்டு சுரங்களின் கூட்டு. விசைப்பலகையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அதிர்வெண், ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அதிர்வெண். 1 என்பது முதல் வரிசை, முதல் பத்தி. 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். 2 என்றால் அதே 697, கூட 1336. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963-ல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. பேச்சுக்குரலோ வண்டிச் சத்தமோ தற்செயலாக இந்தக் குறிப்பிட்ட இரண்டு அதிர்வெண்களில் மட்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பது அரிது. அதனால்தான் இரண்டாக வைத்தார்கள். அறுபது வருஷம் கழித்து அது பெண்ணாடத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறது.

எல்லாம் தயார் என்று அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். 1 அழுத்தினார். கொட்டகைப் பக்கம் காதைக் கொடுத்தார். அரைக் கிலோமீட்டர் தூரம், ஒன்றும் கேட்கவில்லை. “ஏன்டா, தண்ணி விழுவுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அவருக்கு வேண்டியது வேறு. போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மூன்று ஃபேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டாரைக் கிளப்பினால் அது சுற்றாது. உறுமிக்கொண்டே வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனாலோ மீதி இரண்டும் ஏறக்குறைய 1.7 மடங்கு சுமையைத் தாங்க வேண்டிவரும். கொட்டகையில் ஆள் நின்றால் உறுமலைக் கேட்டு உடனே சிவப்பை அழுத்துவார். வீட்டில் படுத்துக்கொண்டு 1 அழுத்தியவர் என்ன செய்வார்? தூரத்திலிருந்து ஓட்டும் வசதி, காயிலை எரிக்கும் வசதியாக ஆகிவிடும்.

இங்கேதான் இந்தச் சாமான்களிலேயே எனக்கு மிகப் பிடித்த ஒன்று வருகிறது. கரண்ட் அளக்கும் வளையம். உள்ளே இரும்பு, அதன் மேல் 2000 சுற்றுக் கம்பி. மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டாமல், ஒட்டாமல் இந்த வளையத்துக்குள் நுழைத்தால் போதும். ஒயரில் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் கூடவே ஆடுகிறது. அந்த ஆட்டம் வளையத்தின் சுருளில் ஒரு சிறு கரண்டை எழுப்புகிறது. பெரிய கரண்டில் சரியாக இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் 5 குதிரைத்திறன் மோட்டார் 7.4 ஆம்பியர் இழுக்கும்போது வளையம் 3.7 மில்லி ஆம்பியர் தரும். 440 பக்கத்தைத் தொடாமலேயே அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வித்தை. ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று வளையம் மாட்டினோம்.

இதில் என்னை யோசிக்க வைத்த ஒரு விஷயம். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் திணறும், கரண்ட் ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர் எதிர். தூக்க வேண்டிய தண்ணீர் இல்லாவிட்டால் சுமை இல்லை, கரண்ட் இறங்குகிறது. எங்களுடையதில் 4.6-க்கு வந்துவிடும். ஆனால் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சூடு தணிப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அதனால் குறைந்த கரண்ட் நல்ல செய்தி அல்ல. ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து, மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டாலும் ஆபத்து. எந்த அளவு மீறினாலும் சில்லு தானே சிவப்பை அழுத்திவிடும்.

அப்பாவுக்குப் பதில் சொல்வது எப்படி? செலவில்லாத வழி மிஸ்டு கால். மோட்டார் கிளம்பி இரண்டு நிமிஷம் கழித்துக் கரண்ட் சரியாக இருந்தால் கொட்டகையிலிருந்து ஒரு மிஸ்டு கால். சரியில்லை என்று நிறுத்தினால் இரண்டு.

இந்த யோசனை புதிதல்ல. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், வயதான தன் தாத்தா பம்ப்செட்டுக்காக அலைந்ததைப் பார்த்து, செல்பேசியால் மோட்டாரை இயக்கும் ‘நானோ கணேஷ்’ கருவியை உருவாக்கினார். 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட கருவிகள் இன்று கடைகளிலேயே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: மோட்டாரின் கரண்டை அது அளக்கிறதா? வெறுமனே ஆன், ஆஃப் செய்கிற கருவி என்றால் வேண்டாம். கொட்டகையில் கையால் திருப்பிப் பூட்டும் ஒரு சுவிட்சும் கட்டாயம் இருக்கட்டும். உள்ளே ஆள் வேலை செய்யும்போது வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பும் மோட்டாரை ஓட்ட முடியாதபடி அது வழியை அடைக்க வேண்டும்.

சில்லே நம் ஊரில் செய்ததாக இருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழு ‘சக்தி’ வரிசைச் சில்லுகளை வடிவமைத்தது. 2018-ல் அவற்றில் ஒன்று சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்திலேயே தயாரானது. அப்படி ஒரு பலகை பம்ப்செட்டுக்கு வரும் நாளில் முதல் ஆளாக வாங்குவேன்.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு நாள் ராத்திரி ஒரு மிஸ்டு கால், சரியான கரண்ட், அப்பா நிம்மதியாகத் தூங்கினார். விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது. போருக்கு மேலே குழாயின் பென்டு கழன்று, தண்ணீர் முழுக்கப் பக்கத்துக் கொல்லைக்குப் போயிருந்தது. மோட்டார் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறது. வளையமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. தண்ணீர் விழுந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே தொட்டிக் குழாயின் வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் துண்டில் இரண்டு எவர்சில்வர் திருகாணிகளை ஒரு விரற்கடை இடைவெளியில் பதித்தேன். போர்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் அது கரண்டைக் கடத்தும். தண்ணீர் விழுந்து இரண்டு திருகாணிகளும் நனைந்தால் சுற்று முழுமையாகும், சில்லுக்குத் தெரியும். தொடர்ந்து கரண்ட் விட்டால் ஒரு திருகாணி அரித்துப்போகும் என்பதால் நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நொடி மட்டும், அதுவும் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். மொத்தச் செலவு பத்து ரூபாய் இருக்கும். மிஸ்டு கால் இப்போது அந்தத் திருகாணிகள் நனைந்த பிறகுதான் வருகிறது.

அப்பா அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதே மாதிரி ரெண்ட கடைசி மடையில வச்சா, அங்க எட்டிடுச்சுன்னும் சொல்லுமா?” என்று கேட்டார். அதற்கான ஒயரைப் போன வாரம்தான் வரப்போரமாகப் புதைத்தோம்.