ஓடா வண்டியும் மாற்றா எண்ணெயும்

ஓடுகின்ற வண்டி தேயும். நிற்கின்ற வண்டி துருப்பிடிக்கும். இவ்விரண்டனுள் முன்னதை யாவரும் அறிவர். பின்னதை அறிந்தும் மறப்பர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் நகைக்கவுங் கூடும். அவர்தம் கொப்பிகளில் சிவப்பு மையாற் கோடிட்டவர் நாம். ஆயின் எம் வண்டி விடயத்தில் நாம் விட்ட பிழைக்குக் கோடிட்டவர் ஒரு மெக்கானிக் ஆவார். அப்பாடத்தை நாம் விலைகொடுத்துக் கற்றோம். நண்பரும் மாணவரும் அதனை விலையின்றிக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார் ஒன்று எம் வீட்டில் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கப்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எம் பாட்டியாரையும் ஓர் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நடப்பாரிலும் மெதுவாக ஊர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அதனை விற்கும் எண்ணம் எமக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

தந்தையார் 2012இல் மறைந்தபின் அக்கார் ஆண்டுக்கு ஆயிரம் மைல்கூட ஓடவில்லை. திருவிழா, கலியாணம், எப்போதாவது ஒரு மருத்துவமனைப் பயணம், அவ்வளவே. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மாதக்கணக்காக மாமரத்தின் கீழ் நின்றது. எஞ்சின் எண்ணெயை மட்டும் தவறாது மாற்றினோம். கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் உரிய எண்ணெய்களைப் பற்றி ஒருவரிடம் வினவியபோது, "ஓடாத காருக்கு ஏன் சேர் மாத்துவான்? அது ஊத்தினபடியே கிடக்கும்" என்றார். செலவு மிச்சமென்று நாமும் மகிழ்ந்தோம்.

அடுத்த ஆண்டு கொடிகாமத்தை அண்மித்தபோது பின்னச்சிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அவ்வுறுமல் ஊளையாயிற்று. அயலூர் முதிய மெக்கானிக் ஒருவர் பின்னச்சின் எண்ணெயை வடித்தார். வந்தது எண்ணெயன்று, பால்விட்ட தேநீரின் நிறத்தில் ஒரு குழம்பு. உள்ளே பெயாரிங்கின் உருளைகளும் வளையமும் துருவாற் குழிந்திருந்தன. பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் மீற்றரைத்தான் பாத்தியள் சேர்; கலண்டரைப் பாக்கேல்லை" என்றார். நாம் சொல்ல விரும்புவது அனைத்தும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கும். பின்வருவன அதன் பொழிப்புரையே.

எவை அந்த எண்ணெய்கள்?

எஞ்சினிற் பிறக்கும் வலு சில்லைச் சென்றடைவதற்குப் பல பற்சில்லுகளைக் கடக்கவேண்டும். அப்பற்சில்லுகள் இரண்டு பெட்டிகளுள் அடங்கியுள்ளன. முதலாவது கியர்ப்பெட்டி. இரண்டாவது, வலுவைத் திசைதிருப்பி இரு சில்லுகளுக்கும் பகிரும் டிபரன்சல். பழைய கார்களில் இது பின்னச்சின் நடுவே உருண்டு திரண்டு தோன்றும். முன்சில்லால் இழுபடும் கார்கள் பலவற்றில் இரண்டும் ஒரே கூட்டினுள் இருக்கும். நாற்சில்லும் இயங்கும் ஜீப் வகைகளில் வலுவைப் பகிரும் பெட்டி மேலும் ஒன்று உண்டு.

இவற்றுக்கு வேண்டும் எண்ணெயின் அளவு மிகச் சிறிது. எமது மொறிஸ் மைனரின் கியர்ப்பெட்டிக்கு ஏறத்தாழ 1.3 லீற்றர், பின்னச்சுக்கு ஒரு லீற்றருங் கொள்ளாது. சிறிதாயிருப்பதனாலேயே மறக்கப்படுகின்றது.

ஓடாதபோது ஏன் கெடுகின்றது?

எஞ்சின் எண்ணெய் எரிபொருளின் கரியையும் புகையின் அமிலத்தையும் தாங்குகின்றது. ஆதலால் விரைவிற் கறுத்துக் கெடுகின்றது. கியர் எண்ணெய்க்கு அத்துன்பம் இல்லை. அது மூடிய பெட்டியுள் இருப்பது. ஆதலின் அதனை எஞ்சின் எண்ணெயைப்போல் ஆண்டுதோறும் மாற்றவேண்டுவதில்லை என்பது மெய்யே. ஆனால் 'மூடிய பெட்டி' என்ற சொல்லில்தான் நாம் ஏமாறுகின்றோம். அப்பெட்டி முற்றாக மூடியதன்று. உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து ஒயில் சீலைத் தள்ளிவிடாதிருத்தற்பொருட்டு, சிறு மூச்சுத்துளை ஒன்று வைத்திருப்பர். வண்டி ஓடிச் சூடேறும்போது பெட்டி மூச்சை வெளிவிடும்; நின்று குளிரும்போது உள்ளிழுக்கும். எம் குடாநாட்டில் அது உள்ளிழுப்பது கடலின் ஈரம் கலந்த காற்றையே.

நீண்டதூரம் ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறுவதால் ஈரம் ஆவியாகி வெளியேறும். சந்தைக்கும் கோயிலுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியில் எண்ணெய் இளஞ்சூட்டோடு நின்றுவிடும்; ஈரம் உள்ளேயே தங்கும். மேலும், நிற்கும் வண்டியில் பற்சில்லுகளையும் பெயாரிங்கையும் மூடியிருந்த எண்ணெய்ப் படலம் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். எண்ணெய் மட்டத்துக்கு மேலிருக்கும் உருக்கு வெறுமேனியாய் நிற்கும். துரு அங்கேதான் தொடங்கும். எமது பெயாரிங்கில் மேற்பாதி குழிந்தும் கீழ்ப்பாதி மினுங்கியும் இருந்ததன் காரணம் இதுவே.

இங்கே வழக்கிலுள்ள ஒரு தவற்றையும் சுட்டுதல் வேண்டும். 2022இல் எம்மவர் பலர் வண்டியை முற்றத்திலேயே பத்து நிமிடம் இயக்கிவிட்டு, "ஓட்டினது மாதிரித்தான்" என்று அமைதியடைந்தனர். நாமும் அவ்வாறே செய்தோம். சில்லுச் சுழலாதவரையில் டிபரன்சலுள் ஒரு பல்லும் அசையாது. எண்ணெய் கீழே கிடக்க, மேலே துரு வளரும். இரு வாரத்துக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம் தெருவில் ஓட்டுவதே பயன்தரும்.

எப்போது மாற்றுவது?

வண்டியோடு வந்த கைந்நூலே முதற் பிரமாணம். பல கைந்நூல்களில் இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம், எது முந்துமோ அது எனக் கூறப்பட்டிருக்கும். 'அல்லது' என்ற இடைச்சொல்லை இலக்கண மாணவர் கூர்ந்து நோக்குக. குறைவாக ஓடும் வண்டிக்கு அச்சொல்லின் பின்வருவதே விதி. கைந்நூல் தூரத்தை மட்டும் கூறுமாயின், அல்லது கைந்நூலே இல்லையாயின், நாம் கைக்கொள்ளும் வரையறைகள் வருமாறு:

1. பழைய வண்டியை வாங்கி, முன்னைய வரலாறு தெரியாதெனின், மீற்றர் என்ன காட்டினும் எல்லா எண்ணெய்களையும் உடனே மாற்றுக. அன்றே அவ்வண்டிக்குப் பிறந்தநாள்.

2. கையாற் கியர் மாற்றும் வண்டியின் கியர்ப்பெட்டி, டிபரன்சல் இரண்டிலும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க. ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக.

3. வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டியிருப்பின் நாள் பாராது எண்ணெயைப் பார்க்க. சூடான அச்சு குளிர்ந்த நீருள் இறங்கியதும் மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டது போன்ற வெள்ளத்தில் ஓடிய வண்டிக்கு மறுவாரமே எண்ணெய் மாற்றம் வேண்டும்.

4. கிளச்சுக்கும் பிறேக்குக்கும் உரிய திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்ததும் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்க இடமுண்டு. ஓடினும் ஓடாவிடினும் ஈராண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுக.

தானே கியர் மாறும் வண்டிகள் வேறு சாதி. யப்பானிலிருந்து வந்த சிறு கார்கள் பலவற்றில், இரு கப்பிகளுக்கிடையே உருக்குப் பட்டி ஓடும் சீ.வீ.ரி. என்னும் அமைப்பு உண்டு. அதன் எண்ணெய் வழுக்கவும் வேண்டும், பட்டிக்குப் பிடிகொடுக்கவும் வேண்டும். ஆதலால் அந்தந்த வண்டிக்கு விதித்த எண்ணெயன்றி வேறொன்று ஊற்றலாகாது. 'வாழ்நாள் முழுவதும் மாற்றவேண்டாம்' என்று சிலவற்றுக்குச் சொல்வர். யாருடைய வாழ்நாள் என்று கேட்டறிதல் நன்று. இவ்வகைப் பெட்டிகளில் ஒருமுறை வடித்தால் முழு எண்ணெயும் வராது. பெரும்பகுதி உள்ளேயே தங்கும். பல காலம் மாற்றாதிருந்த பெட்டியை அழுத்தம் கொடுத்துக் கழுவாமல், சில நூறு கிலோமீற்றர் இடைவிட்டு இரண்டு மூன்று முறை வடித்து நிரப்புதலே பாதுகாப்பானது.

ஸ்கூட்டி ஓட்டும் மாணவருக்கும் ஒரு சொல். எஞ்சின் எண்ணெய் வேறு. பின்சில்லோரம் உள்ள சிறு கியர்ப்பெட்டியின் எண்ணெய் வேறு. ஒரு தேநீர்க் கோப்பையும் நிரம்பாத அவ்வெண்ணெயைக் கேட்டு மாற்றுவிக்க.

எண்ணெய் சொல்லுஞ் செய்தி

வடித்த எண்ணெயை வீசுமுன் வாசிக்கவேண்டும். தேன்நிறமோ மங்கிய கபிலநிறமோ ஆயின் குறையில்லை. பால்நிறமாயின் நீர் புகுந்துள்ளது. தீய்ந்த நாற்றம் வீசின் மிகுசூடு கண்டது. வடிக்கும் பிளக்கிற் காந்தம் இருப்பின், அதில் விபூதிபோல் நுண்ணிய சாம்பற் பசை ஒட்டியிருத்தல் இயல்பே. நகத்துண்டுபோல் உருக்குச் சீவல் காணப்படின் பல் உடைந்துள்ளது. பொன்னிறத் துகள் மின்னின், கியர் மாறத் துணைசெய்யும் பித்தளை வளையங்கள் தேய்கின்றன என்க.

எதனை ஊற்றுவது?

டிபரன்சலின் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு சறுக்கவுஞ் செய்யும். அங்கே சாதாரண எண்ணெய்ப் படலம் நசுங்கி அறுந்துவிடும். ஆகவே கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கூட்டுப்பொருள் கலந்த எண்ணெய் வேண்டும். கியர் ஒயிலின் கடுநாற்றம் அக்கந்தகத்தால் வருவது. ஜீ.எல்.5 என்னும் குறியுடையது இதற்கு ஏற்றது. ஆனால் அதே கடுமை பழைய கியர்ப்பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கவும் கூடும். அங்கே ஜீ.எல்.4 அல்லது கைந்நூல் விதித்ததே தக்கது. எமது மொறிஸ் மைனரின் கியர்ப்பெட்டிக்கு விதிக்கப்பட்டது எஞ்சின் எண்ணெயே. கேளாமல் ஊற்றுவோர் இங்கே தவறுவர்.

செய்முறையிற் சில

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெய் இளஞ்சூடாயிருக்கையில் வடிக்க. வடிக்குமுன் நிரப்பும் பிளக்கை முதலிற் கழற்றிப் பார்க்க. பல ஆண்டு தொடாத பிளக் துருவேறி இறுகியிருக்கும். வடித்தபின் அது கழலாவிடின், எண்ணெயற்ற வண்டியோடு நடுமுற்றத்தில் நிற்க நேரும். மூச்சுத்துளையின் சேற்றை நீக்குக. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றுக. மேலதிகமாக நிரப்பின் சீல் வழியே கசியும். பழைய எண்ணெயைக் கிணற்றங்கரையிலோ வேலியோரத்திலோ ஊற்றற்க. எம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே ஓடுவது. கலத்தில் அடைத்துக் கராச்சில் ஒப்படைக்க.

நிறைவாக

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தபோதும், வரியின் பாரத்தால் புதுக்கார் எம்போன்றோர்க்கு எட்டாக்கனியாயிற்று. முற்றத்தில் நிற்கும் பழைய வண்டியே பலர்க்குக் கடைசி வண்டி. அதனைக் காப்பது சிக்கனமன்றிக் கடமையும் ஆகும்.

எம் காருக்கு வேண்டிய உறுப்புகள் கழற்றப்பட்ட வேறொரு காரிலிருந்து கிடைக்க ஐந்து மாதம் சென்றது. அக்காலத்தில் உள்ளறையைத் துப்புரவு செய்தபோது, தந்தையாரின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று கைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நிரல்: ஒன்றில் திகதி, மற்றதில் மைல். பின்னச்சு எண்ணெய் மாற்றிய கடைசிக் குறிப்பு 2011ஆம் ஆண்டுக்குரியது. அதன்கீழே, "அடுத்தது 2015" என அவர் கையாலேயே எழுதியிருந்தார். காரை நாம் காத்தோம், கொப்பியைத் திறந்தோமல்லோம்.

இப்போது அக்கொப்பியில் அடுத்த வரியை நாம் எழுதியுள்ளோம். நண்பர்களே, நும் வண்டிக்கும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குக. மைலை மீற்றர் எழுதிக்கொள்ளும். திகதியை நீவிர்தாம் எழுதவேண்டும்.