வெடிச் சத்தமும் அண்டை வீட்டாரும்

செஞ்சியில் வெடிக்கும் வெடி ஒரு முழக்கத்தோடு அடங்கிவிடுவதில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள் அங்கே சூழ்ந்து நிற்கின்றன. பாறை ஒலியை விழுங்குவதில்லை. வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. பனமலையைப் போலக் குன்றின் அடிவாரத்தில் அமைந்துவிட்ட ஊர்களுக்கெல்லாம் இதுவே நிலை. ஒருவர் தம் வீட்டு வாசலில் ஒரு சரவெடியைக் கொளுத்துகிறார். அதன் ஓசையைப் பங்கிட்டுக் கொள்பவர்களோ அந்த வட்டாரம் முழுவதும் இருக்கிறார்கள்.

வெடிமருந்துக்குச் செஞ்சி புதிய ஊரன்று. முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தார். பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பீரங்கிகளோடு வந்தார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. அவரோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாடலிலோ, ராஜனின் உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம்! அண்டை அயலாராக வாழும் பழக்கம் இம்மண்ணுக்கு அவ்வளவு பழையது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலிலும் இக்கோட்டை இடம்பெற்றுவிட்டது. பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. வீட்டு விசேஷங்களின் வேட்டுகள் ஓயவில்லை.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் எந்தெந்த நிகழ்ச்சிகளுக்கு இன்று வெடி வெடிக்கிறார்கள்? தீபாவளியை விட்டுவிடுங்கள், அது ஆண்டுக்கொரு நாள், எல்லோரும் முன்னரே அறிந்த நாள். திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் வருகை, தேர்தல் வெற்றி, கிரிக்கெட் வெற்றி, நடிகரின் புதுப்படம், இறுதி ஊர்வலம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவை எந்நாளில், எந்நேரத்தில் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. அறுவை முடிந்து வந்து படுத்திருக்கும் முதியவர், பிறந்து நாற்பது நாள் ஆகாத சிசு, மறுநாள் பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளை ஆகிய இவர்களில் எவரும் அழைப்பிதழ் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் நிகழ்ச்சியில் கட்டாயமாகக் கலந்துகொள்கிறார்கள்.

இவ்வாறு எழுதியதும் ஒரு முஸ்லிம் குடும்ப இதழ் சகோதர சமயத்தாரின் பண்டிகையைக் குறை கூறுகிறது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டுக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும் பத்தாயிரம் வாலாவை உருட்டி விடுவது எந்த மார்க்கம் கற்பித்தது? கந்தூரிக்கும் சந்தனக்கூட்டுக்கும் வாணவேடிக்கை விடும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? பராஅத் இரவில் சிறுவர்கள் வெடியும் மத்தாப்புமாகத் திரிவதைப் பெற்றோர் புன்னகையோடு பார்த்து நிற்பதில்லையா? நோன்பு திறக்கும் நேரத்தை வேட்டுப் போட்டு அறிவிக்கும் வழக்கமும் சில ஊர்களில் இருந்தது. அதற்காவது ஒரு காரணம் இருந்தது. கடிகாரம் வீடுதோறும் இல்லாத காலத்து ஏற்பாடு அது. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்பதை அறிவிக்க அப்படி எந்தத் தேவையும் இல்லை. தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டாரை அச்சமற்று இருக்கச் செய்யாதவரின் ஈமானைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள் என்பதை ஜும்ஆ மேடைகளில் நாம் கேட்டுத்தான் இருக்கிறோம். அண்டை வீட்டார் முஸ்லிமாக இருந்தால் மட்டும் என்று அவர்கள் எல்லை வகுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இதைப் பலர் அறியமாட்டார்கள். வெடிப்பதற்குத் தடை இருக்கிறது என்றால் அது தீபாவளி அன்று மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1998இல் பொறியாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவரை உலுக்கியது ஒரு பத்திரிகைச் செய்தி. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் உதவி கேட்டு அலறிய குரல், அக்கம்பக்கத்தில் முழங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி இசையில் அமுங்கிப் போயிற்று. பின்னர் அச்சிறுமி தன்னைத்தானே எரித்துக்கொண்டு மாண்டாள். இரைச்சல் என்பது வெறும் தொந்தரவு என்று கருதுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மறுமுறை படிக்க வேண்டும். அவ்வழக்கு வளர்ந்து, 2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி லஹோட்டி, நீதிபதி அசோக் பான் ஆகியோர் தீர்ப்பளித்தனர். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் வெடிகளை வெடிக்கலாகாது என்றது அத்தீர்ப்பு. தீபாவளி ஒளியின் விழாவே அன்றி ஓசையின் விழா அன்று என்றும், வெடி வெடித்துத்தான் அதைக் கொண்டாட வேண்டும் என்று எந்தச் சமய நூலும் விதிக்கவில்லை என்றும் நீதிபதிகள் எடுத்துரைத்தார்கள். இந்த இரவுத் தடை ஆண்டின் 365 நாட்களுக்கும் பொருந்தும். 2010இல் ஒலி மாசு விதிகளிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட 100 மீட்டர் எல்லைக்குள் பகலிலும் வெடிக்கக் கூடாது.

அடுத்து வந்தது குழந்தைகளின் வழக்கு. 2015இல் தில்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கு இது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மாசு குறைந்த 'பசுமைப் பட்டாசு'களையே விற்கலாம், தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம், சரவெடி கூடவே கூடாது என்று ஆணையிட்டது. தமிழகத்தில் விடியற்காலைக் குளியலோடு தீபாவளி தொடங்குகிறது என்பதால், அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று தமிழக அரசு வகுத்தது. அதே தீர்ப்பில் திருமணம் முதலிய நிகழ்ச்சிகளுக்கும் பசுமைப் பட்டாசுகளையே விற்கலாம் என்றிருப்பது பலருடைய கண்ணில் படவே இல்லை. தீபாவளியன்று நேரம் தவறி வெடித்தவர்கள் மீது நூற்றுக்கணக்கில் வழக்குகள் பதிவாகின்றன. முகூர்த்த நாளில் சரவெடி கொளுத்திய மண்டபத்துக்காரர் மீது வழக்கு என்று நீங்கள் எப்போதாவது படித்ததுண்டா? ஏழை வீட்டுச் சிறுவன் ஐந்து நிமிடம் பிந்தி வெடித்தால் குற்றம்; செல்வர் வீட்டுக் கல்யாணத்தில் அரை மணி நேரம் அதிர்ந்தால் அந்தஸ்து! சட்டம் இப்படி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் அதை மதிக்கும்படி மக்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஓசையின் அளவைக் கொஞ்சம் பார்ப்போம். ஒலியை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறார்கள். பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இருபது கூடினால் நூறு மடங்கு. குடியிருப்புப் பகுதிக்கு அரசு வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45. வெடிக்கு 1999இல் வகுத்த வரம்போ, நான்கு மீட்டர் தொலைவில் 125. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஏறத்தாழ ஆறு டெசிபெல் குறையும். எட்டு மீட்டரில் 119, பதினாறில் 113, முப்பத்திரண்டில் 107. ஆக, சட்டத்துக்குட்பட்ட வெடியே ஏழெட்டு வீடு தள்ளியிருப்பவரின் படுக்கையறை ஜன்னலில் நூறுக்கு மேல் வந்து அறைகிறது. இருபுறமும் சுவர் எழும்பிய குறுகிய சந்தில் இது இன்னும் மோசம். நொடியில் தோன்றி மறையும் உச்ச ஓசைக்கு வேறொரு வரம்பு உண்டு. நம் விதி அதை 145 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உச்ச ஓசை பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120க்கு மேல் போகலாகாது என்கிறது. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் வேடிக்கை காட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓசையோடு போவதாயிருந்தால்கூடச் சிலர் பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். நம் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டுவெடி மூட்டையோடு சென்ற ஒரு தந்தையும், முன்னால் நின்றுகொண்டிருந்த அவருடைய ஏழு வயது மகனும் வெடி வெடித்து அந்த இடத்திலேயே மாண்டனர். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 26 அன்று, சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். கேரளத்தில் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 விடியுமுன் நடந்ததை மறக்க முடியுமா? நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். அங்கே பக்கத்து வீட்டில் வசித்த மூதாட்டி ஒருவர், வாணவேடிக்கையால் தம் வீட்டுக்கு ஏற்படும் கேட்டைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார். மாவட்ட நிர்வாகம் அனுமதியும் மறுத்திருந்தது. மறுத்த பிறகும் வெடித்தார்கள்! தொந்தரவு என்று ஒருவர் புகார் செய்தால், 'இவருக்கு மட்டும் என்ன வந்தது?' என்று முகம் சுளிக்கிறோமே, அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் பேசத்தான் வேண்டும். சிவகாசியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பி இலட்சக்கணக்கான குடும்பங்கள் உலை வைக்கின்றன. வானம் பார்த்த கரிசல் பூமியில் வேறு பிழைப்பு இல்லாமல் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் வந்தவர்கள் அவர்கள். பட்டாசையே ஒழித்துவிடு என்று பட்டணத்திலிருந்து கூறுவது எளிது. யான் அதைக் கூறவில்லை. தடை கேட்பது ஓசைக்கு, ஒளிக்கு அன்று. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் ஆகியவற்றைச் செய்யும் கைகளும் சிவகாசிக் கைகள்தாம். 2005 தீர்ப்பும் ஓசை வெடியையும் ஒளி வெடியையும் பிரித்தே பேசியது. ஒளி தருவனவும் புகையும் தீப்புண்ணும் தருவனவே என்பது உண்மை. ஆயினும் அடுத்த தெருவில் படுத்திருக்கும் நோயாளியை அவை தூக்கிவாரிப் போடுவதில்லை.

சிங்கப்பூரில் உறவினர் இல்லாத தமிழ் முஸ்லிம் ஊர் அரிது. அங்கே 1970 சீனப் புத்தாண்டில் வெடியால் ஆறு பேர் மாண்டனர். 1972இல் தனியார் வெடிப்பதை அரசு அடியோடு தடுத்துவிட்டது. வெடி இல்லாமல் அங்கே சீனப் புத்தாண்டும் நடக்கிறது, தீபாவளியும் நடக்கிறது. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு விதி இரவு 11 மணிக்கு மேல் வெடியைத் தடுக்கிறது. தீபாவளி இரவுக்கு ஒரு மணி வரை சலுகை தருகிறது. அயல்நாட்டுச் சட்டத்தில் நம் பண்டிகையின் பெயர் ஏறியிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் கொக்கும் நாரையும் அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு அவ்வூருக்கு வருகிறார்கள்.

என் கருத்து இதுதான். பண்டிகை நாளுக்கு வகுத்த இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மற்ற நாட்களில் குடியிருப்புத் தெருக்களில் தனியார் ஓசை வெடி வெடிப்பதை, பகலானாலும், உள்ளாட்சி அனுமதி இன்றி நடவாதபடி செய்ய வேண்டும். இதைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால் நம் ஒலிபெருக்கிகளையும் அதே தராசில் வைக்க வேண்டும். சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் கூறவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் உரைத்தது நமக்கும் சேர்த்துத்தான். இரண்டு நிமிடப் பாங்கு வேறு. இரவு பதினொரு மணிக்குத் தெருவை நோக்கித் திருப்பிவைத்த குழாயில் முழங்கும் பயான் வேறு.

தடைச் சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. நிக்காஹ் பதிவுக்கு வரும்போது, ஊர்வலத்தில் வெடி இல்லை என்று இரு வீட்டாரிடமும் ஜமாஅத் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம். தஃப்தரில் அதற்கு இடமில்லாமல் போகாது. மண்டபம் எடுப்பவர்கள் வாடகை பேசும்போதே அதையும் பேசிவிடலாம். வெடிக்கு ஒதுக்கிய தொகையில் அம்மண்டபத்தை அடுத்த பத்து வீடுகளுக்கு, எந்தச் சமயத்தார் ஆனாலும், பிரியாணிப் பொட்டலம் அனுப்பினால் மாப்பிள்ளை வந்த செய்தி ஊருக்குத் தெரியாமலா போய்விடும்?