ரிஜிஸ்டர்ல எழுதின 120 டிகிரி

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குத் தலைப்பு தர மேலாண்மை அமைப்பு. குவாலிட்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமா கியூ.எம்.எஸ். பேரைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும்னு தெரியும். எனக்கும் காலேஜ்ல அந்தப் பாடத்துல அப்படித்தான் வந்துச்சு. அதனால பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஊர் நெல்லுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

கொள்முதல் நிலையத்துல ஒரு எண்

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுவடை நடக்குற நேரமும் மழை வர்ற நேரமும் பல வருஷம் ஒண்ணா வந்துடும். தார் ரோட்டுல ஒரு பக்கம் முழுக்க நெல்லு காயும், இன்னொரு பக்கத்துல பஸ் போகும். அந்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா, ஒரு கை நெல்லை எடுத்து மீட்டர்ல போடுவாங்க. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தா எடுத்துக்குவாங்க. தாண்டினா, காயவச்சுக் கொண்டுவரணும். வானம் மூடிக்கிட்டு இருக்கும்போது எங்க போய்க் காயவைக்கிறது? ஒரு விவசாயிக்கு அந்த எண்ணு நாலு மாச உழைப்பு.

இப்ப அந்த இடத்துல மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த 17ங்கிற வரம்பை யார் வச்சாங்க, அது எங்க எழுதியிருக்கு? அந்த மீட்டர் சரியாத்தான் காட்டுதான்னு கடைசியா எப்ப, யார் சரிபார்த்தாங்க? வரம்பைத் தாண்டினா என்ன செய்யணும், அதை முடிவு பண்ற அதிகாரம் யாருக்கு?

மூணாவது கேள்விக்கு ஒரு நிஜமான பதில் இருக்கு. 2022ல மழை வந்தப்போ மத்தியக் குழு டெல்டாவுக்கு வந்து நெல் மாதிரிகளை எடுத்துப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் 19 சதவீதம் வரைக்கும் வாங்கலாம்னு தளர்வு கொடுத்தாங்க. யாரும் மீட்டரைத் திருகி 17னு காட்ட வைக்கல. வரம்பை மீறுறோம்னு வெளிப்படையாச் சொல்லி, எவ்வளவு மீறலாம்னு அளந்து, அதிகாரம் இருக்கிறவங்க எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. என்ஜினியரிங் கம்பெனிகள்ல இதுக்கு 'கன்செஷன்'னு பேரு. கியூ.எம்.எஸ்.னா என்னன்னு கேட்டா, அந்த மூணு கேள்விக்கும் எல்லா நாளும் பதில் சொல்ற ஏற்பாடுன்னு சொல்லுவேன்.

துவாக்குடியில ஈரம்

தஞ்சாவூர்ல திருச்சி பஸ் ஏறினா வல்லம், செங்கிப்பட்டி தாண்டி துவாக்குடி வரும். அடுத்து திருவெறும்பூர். 1965ல இங்க பெல் நிறுவனத்தோட உயர் அழுத்த கொதிகலன் ஆலை தொடங்குச்சு. 1975ல திருச்சியிலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்துச்சு. அதைச் சுத்தி நூத்துக்கணக்குல ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைச்சுது. டெல்டா கிராமத்துப் பசங்க நிறைய பேர் வயலை விட்டு முதல்ல போய் நின்ன இடம் இந்தப் பட்டறைகள்தான். நானும் படிச்சு முடிச்சதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன பட்டறையில குவாலிட்டி டிரெய்னியா சேர்ந்தேன்.

வெல்டிங்ல ஒரு சிக்கல் இருக்கு. போல்ட்டுன்னா அளந்து பார்த்துத் தப்பா இருந்தா தூக்கிப் போட்டுடலாம். வெல்டிங் ஜாயின்ட் வெளியில பளபளன்னு அழகா இருக்கும், உள்ள விரிசல் இருக்கலாம். முடிஞ்சப்புறம் பார்த்து மட்டும் முழுசா நம்ப முடியாத வேலை இது. இந்த மாதிரி வேலைகளுக்கு 'ஸ்பெஷல் பிராசஸ்'னு பேரு. செய்யுற விதத்தைக் கட்டுப்பாட்டுல வைக்கணும், கடைசியில ஆய்வு பண்ணிக்கலாம்னு விட முடியாது.

இங்கயும் எதிரி ஈரம்தான். 7018னு ஒரு வெல்டிங் ராடு, முக்கியமான ஜாயின்ட்டுக்கெல்லாம் அதுதான். அதோட மேல்பூச்சு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ஈரமான ராடால வெல்ட் பண்ணினா, வெப்பத்துல தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ள போயிடும். ஆறினப்புறம் விரிசல் விடும். அதுவும் உடனே விடாது, சில மணி நேரம் கழிச்சோ ரெண்டு நாள் கழிச்சோகூட விடலாம். சில வகை ஸ்டீலுக்கு 48 மணி நேரம் காத்திருந்துதான் சோதிக்கணும்னு விதி இருக்கிறது இதனாலதான்.

அதனால ராடை 300, 350 டிகிரியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் சுடவைப்பாங்க. அப்புறம் 120 டிகிரி போல ஒரு ஓவன்ல வச்சிருந்து, வேண்டிய அளவு மட்டும் எடுப்பாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓவன் வெப்பத்தை ரிஜிஸ்டர்ல எழுதணும். அதுதான் என் வேலை.

நாலு பேனா

வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம். கஸ்டமர் பக்கத்துல இருந்து ஆடிட் வர்றதா தகவல் வந்துச்சு. ஓவன் ரிஜிஸ்டர்ல பல பக்கம் காலி. முந்தின நாள் ராத்திரி நானும் இன்னொரு பையனும் உட்கார்ந்து நாலு பேனாவுல மாத்தி மாத்தி எழுதி ரொப்பினோம். 120, 121, 119, 120. டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தாங்க.

ஆடிட்டர் சார் அமைதியா பக்கத்தைப் புரட்டினார். ஒரு தேதியில விரலை வச்சு, "தம்பி, அன்னைக்கு இந்த ஏரியாவுல மெயின்டனன்ஸ் ஷட்டவுன் ஆச்சே?"ன்னு கேட்டார். காலையில 9 மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரன்ட் இல்லாத நாள். எங்க ஓவன் மட்டும் நாள் பூரா 120 டிகிரி காட்டியிருக்கு. என் கையெழுத்தோட.

அன்னைக்கு வேலை நடந்துச்சான்னு கேட்டார். நடந்துச்சு, ஜெனரேட்டர்ல. எந்த ஜாயின்ட், எந்த ராடுன்னு கேட்டார். எங்களால சொல்ல முடியல, எதையும் குறிச்சு வைக்கல. ஒரு நாள் ரிஜிஸ்டர் பொய்னு ஆனதும் மத்த நாள் ரிஜிஸ்டரையும் அவர் நம்பத் தயாரா இல்ல. மூணு வாரத்து வேலை மொத்தமும் மறுபடி சோதனைக்குப் போச்சு. டெலிவரி தள்ளிப்போச்சு, பணமும் போச்சு.

எனக்கு இன்னமும் உறுத்துறது வேற ஒண்ணு. அந்த ஷட்டவுன் நாள்ல வேலை பார்த்த வெல்டர் அண்ணன், ஓவன் ஆறிப்போனதைப் பார்த்துட்டு அந்த ராடைத் தொடவே இல்ல. ஸ்டோருக்குப் போய் வாக்குவம் பாக்கெட்ல வர்ற புது ராடைக் கேட்டு வாங்கி, பிரிச்ச கையோட வெல்ட் பண்ணியிருக்கார். செய்ய வேண்டியதைச் சரியாச் செஞ்ச ஒரே ஆள் அவர்தான். ஆனா அதுக்கு ஒரு வரி சாட்சி இல்ல. ரிஜிஸ்டர்ல நான் எழுதின பொய்தான் இருந்துச்சு. அவரோட ஜாயின்ட்டும் மத்ததோட சேர்ந்து சந்தேகத்துக்குப் போச்சு. மறுசோதனையில அது பாஸ் ஆனப்போ, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே"ன்னு மட்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. கேட்டு எழுதிக்க யாரும் இல்ல.

"ஓவன் ஆஃப், காலை 9 மணி, கரன்ட் இல்லை, புது பாக்கெட் பயன்படுத்தினோம்"னு ஒரு வரி எழுதியிருந்தா அந்த மூணு வாரமும் தப்பிச்சிருக்கும்.

அப்ப எப்படி உருவாக்குறது?

முதல் விஷயம்: இன்னொரு கம்பெனியோட மேனுவலை வாங்கிப் பேரை மாத்தி வைக்காதீங்க. ஐ.எஸ்.ஓ. 9001 முதல்ல வந்தது 1987ல. 2015ல வந்த திருத்தத்துல, தர மேனுவல்னு ஒரு புத்தகம் கட்டாயம்ங்கிற விதியையே எடுத்துட்டாங்க. உங்க வேலைக்கு எவ்வளவு எழுத்து தேவையோ அவ்வளவு போதும். இன்னொண்ணு, அந்தச் சான்றிதழ் நீங்க செய்யுற பொருளுக்குக் கிடையாது, வேலை நடக்குற முறைக்குத்தான்.

ஒரு வாரம் ஷெட்ல நின்னு, வேலை நிஜமா எப்படி நடக்குதுன்னு எழுதுங்க. பிளேட் கேட்டுக்குள்ள வர்றதுல இருந்து லாரி ஏறுற வரைக்கும். எங்கெல்லாம் தப்பு நடந்தா அப்புறம் கண்டுபிடிக்க முடியாதோ, அந்த இடத்துல மட்டும் கட்டுப்பாட்டை இறுக்குங்க. வெல்டிங் பட்டறைன்னா அது பெரும்பாலும் நாலு இடம். பிளேட்டோட ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்குல இருந்து வந்ததுங்கிற அடையாளம், வெட்டின துண்டுலயும் இருக்கணும். வெல்டர் அந்த வேலைக்குத் தேர்வு எழுதிப் பாஸ் ஆனவரா இருக்கணும். ராடோட பேட்ச் நம்பர் ஜாயின்ட்டோட சேர்த்து எழுதப்படணும். அளக்குற கருவிக்குக் காலிபரேஷன் தேதி தாண்டியிருக்கக் கூடாது.

அடுத்தது, தப்பான பொருளுக்கு ஒரு இடம். சிவப்பு டேக் கட்டி ஓரமா வைக்கிற மூலை. அதை எடுத்துப் பயன்படுத்தலாமா, சரிபண்ணணுமா, தூக்கிப் போடணுமான்னு யார் முடிவு பண்ணுவாங்கன்னு முன்னாடியே தெரியணும். நெல்லுக்குக் கொடுத்த தளர்வு மாதிரி, அதுவும் எழுத்துலதான் இருக்கணும்.

காப்பாத்துறது அதைவிடக் கஷ்டம்

ஒரு சிஸ்டத்தை ஆறு மாசத்துல கட்டிடலாம். ரெண்டாவது வருஷம்தான் அது சடங்கா மாறும். காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் கிடையாது, பயம்.

எங்க பட்டறையிலயே பாருங்க. ஓவன் ஏன் ஆறுச்சு? கரன்ட் இல்ல. ஜெனரேட்டர் ஓடுச்சே? ஓவன் அந்த லைன்ல இல்ல. ஏன் இல்ல? யாரும் கேட்கல. ஏன் கேட்கல? கேட்டா டெலிவரி லேட்டாகும், திட்டு விழும். இப்படி ஏன், ஏன்னு இறங்கிப் போறதுதான் மூலகாரண ஆய்வு. 'டிரெய்னிக்குக் கவனம் போதாது, அறிவுரை வழங்கப்பட்டது'ன்னு முதல் படியிலயே நிறுத்தினா அடுத்த ஷட்டவுன்லயும் இதேதான் நடக்கும். கடைசியில எங்க முதலாளி செஞ்சது ரெண்டு. ஓவனை ஜெனரேட்டர் லைன்ல சேர்த்தார். ரிஜிஸ்டர்ல காலிக் கட்டம் இருந்தா திட்டமாட்டேன், ரொப்பியிருந்தா திட்டுவேன்னு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரெண்டாவதுதான் எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது.

ஜப்பானுக்கு 1950ல போய்த் தரக் கட்டுப்பாடு பத்திப் பாடம் எடுத்தவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங். அவர் பேர்ல 1951ல ஜப்பான்ல தொடங்கின விருதை 1998ல இந்தியாவுல முதல்ல வாங்கினது நம்ம சென்னை பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு. டி.வி.எஸ். மோட்டார் 2002ல வாங்குச்சு. புள்ளிவிவரம், வரைபடம்னு பேசின அதே டெமிங்கோட 14 கொள்கைகள்ல ஒண்ணு, வேலை செய்யுற இடத்துல பயம் இருக்கக் கூடாதுங்கிறது. ஏன்னா பயந்தவங்க கொடுக்குற எண்ணை வச்சு எந்த வரைபடமும் போட முடியாது.

வெறும் எண்ணுக்கு இவ்வளவு பேச்சான்னு தோணலாம். 1863ல கல்கத்தாவுல ஒரு கொதிகலன் வெடிச்சு உயிர்கள் போனப்புறம்தான் அடுத்த வருஷம் வங்காளத்துல கொதிகலன் சட்டம் வந்துச்சு. 1905ல அமெரிக்காவுல பிராக்டன் ஊர்ல ஒரு ஷூ ஃபேக்டரி கொதிகலன் வெடிச்சு 58 பேர் இறந்தாங்க. இன்னைக்கு வெல்டர் தேர்வு, அழுத்தச் சோதனைன்னு இருக்கிற விதிகளுக்குப் பின்னாடி இந்த மாதிரி சாவுகள் இருக்கு.

கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல சில பேர் சீக்கிரமே ஏதோ ஒரு கம்பெனியில குவாலிட்டி டிரெய்னியா சேருவீங்க. என்னைக்காவது ஒரு ராத்திரி, டீ வாங்கிக் கொடுத்து, கையில பேனாவும் கொடுப்பாங்க. காலிக் கட்டத்தைக் காலியாவே விட்டு, ஏன் காலின்னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. திட்டு விழலாம். ஆனா அன்னைக்கு நல்லா வேலை பார்த்த யாரோ ஒரு அண்ணனுக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

உங்க பட்டறை, உங்க ஆபீஸ் ரிஜிஸ்டர் கதை ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.