வண்டிக்கு ஒரு புதுக் குரல்

ஆளைப் பாராமலே குரலைக் கொண்டு அவனை எடைபோடுவது நம்மவர்களுக்குப் பழக்கமான காரியம். கணீரென்று பேசுகிறவனுக்குத் தனி மரியாதை; முணுமுணுப்பவனை யார் பொருட்படுத்துகிறார்கள்? இந்த நியாயத்தை மோட்டார் வண்டிக்கும் பொருத்திப் பார்க்கும் வாலிபர்கள் அமெரிக்காவில் ஏராளம். 'ஸுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்.' என்னும் வேக வண்டியை வாங்கியவர்களில் பலர், முதல் தவணை கட்டிய கையோடு அதன் ஸைலன்ஸரை மாற்றும் யோசனையில் இறங்கிவிடுகிறார்கள். நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அந்நாட்டில் உத்தியோகம் பார்ப்பதால், இவ்விஷயம் நமக்கு அவ்வளவு தூரமானதும் அன்று.

இந்த வண்டிக்கு இரட்டை வேஷம். வார நாட்களில் காரியாலயத்துக்கும் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும் கறிகாய்க் கடைக்கும் போய் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் பாய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நினைத்து வாங்கிய புகைக்குழாயைத் திங்கள் முதல் சனி வரையில் காதால் அநுபவிக்க நேரும். ஆயிரம் டாலருக்கு மேல் விழுங்கக்கூடிய காரியம் ஆதலால், கொஞ்சம் விசாரித்துச் செய்வதே விவேகம்.

முதலில் ஸைலன்ஸரின் வேலையைப் பார்ப்போம். இண்டியானா மாகாணத்துக் கொலம்பஸ் நகரத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ம் வருஷத்தில் இதற்குப் பேடண்ட் பெற்றார்கள். இன்று வழக்கில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்றில், பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒலி அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓயும். மற்றதில், துளைகள் நிறைந்த ஒரு நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும்; புகை தடையின்றிப் போகும், ஒலியைப் பஞ்சு உறிஞ்சும். ஆனால் பஞ்சு கீச்சொலியை உறிஞ்சும் அளவுக்குத் தாழ்ந்த உறுமலை உறிஞ்சுவதில்லை. நெடுந்தூரப் பிரயாணத்தில் தலைவலி தருவது இந்த உறுமலே.

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உபாத்தியாயர் எழுதும் கட்டுரையில் கணக்கு வருவதை நேயர்கள் மன்னிப்பார்களாக. நெடுஞ்சாலையில் எஞ்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 50 சுற்று. நான்கு ஸிலிண்டர் எஞ்ஜினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆகவே விநாடிக்கு 100 அதிர்ச்சி. இந்தத் தாழ்ந்த சுருதி, மூடிய வண்டிக்குள்ளே தம்பூரா போல் விடாமல் ரீங்காரம் செய்யும். தெருவில் நிற்பவனுக்கு அது ஒரு கணம் கேட்டு மறையும். உள்ளே இருப்பவனுக்கோ மணிக்கணக்கில் ஒலிக்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பிரதான குழாயின் பக்கத்தில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைப் பொருத்துவார்கள். அதற்குள் சென்று திரும்பும் அலை, எதிரே வரும் அலைக்கு நேர் மாறாக நின்று அதைத் தணித்துவிடும். கிளையின் நீளம் அலை நீளத்தில் கால் பங்கு இருக்கவேண்டும். சுமார் 350 டிகிரி ஸென்டிகிரேட் சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். எனவே 100 அதிர்ச்சியுள்ள ஒலிக்கு 1.25 மீட்டர் நீளம் வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்பது நல்லது.

இனி, "எதற்காக மாற்றுகிறோம்?" என்ற கேள்வி. சக்திக்காக என்றால் ஏமாற்றமே மிஞ்சும். 2015 முதல் 2021 வரையில் வெளிவந்த இந்த வண்டியில், 268 குதிரைச் சக்தியுள்ள 2 லிட்டர் டர்போ எஞ்ஜின் இருந்தது. டர்போ வண்டியில் புகையின் முக்கியமான தடை, டர்போவை ஒட்டிய குழாயிலும் அதிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள குழாயை மட்டும் மாற்றினால் சக்தி சொற்பமே கூடும். கன்வர்ட்டரையே கழற்றி எறிந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது நச்சுப் புகையை வடிக்கும் கருவி. பொதுச் சாலை வண்டியிலிருந்து அதை அகற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம்.

குரலுக்காக என்றால், இன்னொரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பழைய ஸுபாரு வண்டிகளின் பேர்போன 'தடதட' முழக்கத்துக்குக் காரணம் ஸைலன்ஸர் அன்று. எஞ்ஜினிலிருந்து டர்போவுக்குச் செல்லும் குழாய்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தபடியால், வெடிப்புக்கள் ஒழுங்கற்ற தாளத்தில் வந்து சேர்ந்தன. 2015-க்குப் பின் வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸில் அக்குழாய்களைச் சம நீளமாக்கிவிட்டார்கள். அந்த வண்டிக்கு எத்தனை விலை கொடுத்துப் பின்குழாய் வாங்கினாலும் சத்தம் கூடுமே ஒழியப் பழைய தாளம் திரும்பாது. இது தெரியாமல் பணத்தைக் கொட்டி மனம் நொந்தவர்கள் உண்டு.

சட்டத்தையும் பார்க்கவேண்டும். காலிபோர்னியாவில் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட கார்களுக்கு ஒலியின் எல்லை 95 டெஸிபல். முன்பெல்லாம் பிடிபட்டவர் வண்டியைச் சரிசெய்து காட்டினால் தப்பிக்க வழியிருந்தது. 2019 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த திருத்தம் அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. டெஸிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

போலீஸாரை விடப் பெரிய நீதிபதி அண்டை வீட்டுக்காரர். விடியற்காலையில் குளிர்ந்த எஞ்ஜினைக் கிளப்பினால், கன்வர்ட்டரைச் சூடேற்றுவதற்காக அது சிறிது நேரம் வேகமாகச் சுழலும். உரத்த குழாயின் முழுக் குரலும் வெளிப்படுவது அந்த வேளையில்தான். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஒருவர் இருக்கலாம், கைக்குழந்தையும் இருக்கலாம்.

உலோகத்தில் கருமித்தனம் கூடாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாகாணங்களில், மட்டமான இரும்புக் குழாய் விரைவில் துருவேறும். 304 என்ற எண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு, 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் கலந்தது. விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் ஒரே அகலமாக இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். கழற்றிய பழைய குழாயை ஒருபோதும் விற்றுவிடக் கூடாது. வண்டியை விற்கும் நாளிலோ, புதுக் குரல் சலிக்கும் நாளிலோ அதுவே கைகொடுக்கும்.

தினம் ஓட்டும் வண்டிக்கு என் அபிப்பிராயம் இது: கன்வர்ட்டரைத் தொடாமல், ரீங்காரத்தைத் தணிக்கும் ஏற்பாட்டோடு கூடிய, நடுத்தரக் குரலுள்ள பின்குழாய் போதும். சினிமாப் படம் போல் எடுத்துக் காட்டும் ஒலிப்பதிவுகளை நம்பவேண்டாம். அவை வண்டிக்குப் பின்னால் நின்று பிடித்தவை. அதே குழாய் பூட்டிய வண்டி ஒன்றில், குடும்பத்தோடு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் போய்வரவேண்டும். ஓட்டுகிறவரின் தீர்ப்பு பக்ஷபாதமானது. பின் ஆசனத்துக் குழந்தை தூங்கிவிட்டால், தயங்காமல் வாங்கலாம்.