செங்கல் சுவருக்கு எதற்கு ஸ்டட் பைண்டர்?

அமெரிக்க வீடுகளில் சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டமும் அதன் மேல் அறைந்த ஜிப்சம் பலகையும்தான். பலகைக்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரக்கால் நிற்கும். கனமான அலமாரியை மாட்ட அந்தக் காலைக் கண்டுபிடித்து ஆணி அடிக்க வேண்டும். அதற்காகப் பிறந்த கருவிதான் ஸ்டட் பைண்டர். நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், சுங்கை புரோங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாமான் வீடுகளில் இருப்பது செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். அங்கே தேடுவதற்கு மரக்காலே கிடையாது. ஆனாலும் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு ஷாப்பியிலும் லஸாடாவிலும் வாங்குகிறோம். சுவரில் வைத்ததும் ஒன்று எல்லா இடத்திலும் கத்துகிறது, இல்லையென்றால் எங்குமே வாய் திறப்பதில்லை. பாவம், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் சுவருக்குள் தேட வேண்டியவை வேறு: மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தூணிலும் பீமிலும் உள்ள இரும்புக் கம்பி. டிவி மாட்டவோ சாமி மேடைக்குப் பலகை அடிக்கவோ துளை போடும்போது உயிருக்கு ஆபத்தானது முதலாவது, பணத்துக்கு ஆபத்தானது இரண்டாவது. எனவே கடையில் கேட்க வேண்டியது சுவர் ஸ்கேனர். பெட்டியில் உள்ள சிறிய எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. பாஷ் நிறுவனத்தின் ஜிஎம்எஸ் 120 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். இரும்பை 120 மில்லிமீட்டர் ஆழம் வரை காட்டும், செம்பை 80, மரத்தை 38. மின்சாரம் ஓடும் கம்பி என்றால் 50 மில்லிமீட்டர்தான். இவையெல்லாம் நல்ல சூழலில் கிடைக்கும் உச்ச அளவுகள். பிளாஸ்டிக் குழாய் இந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்றைய வீடுகளில் குளியலறைக் குழாய்களோ பெரும்பாலும் பிளாஸ்டிக். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாயைக் காட்ட ரேடார் வகைக் கருவி வேண்டும். அதன் விலை பல மடங்கு.

கருவி ஏமாறும் இடங்களும் உண்டு. மழையில் ஊறிய சுவர், புதுப்பூச்சு, செங்கல் வரிசைகளுக்கு நடுவே கொத்தனார் வைத்த கம்பிவலை, இவை எல்லாமே பொய்ச் சத்தம் எழுப்பும். மின்கம்பியைத் தேடும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், விளக்கு சுவிட்சுகளும் போட்டிருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத் தேடினால் 'மின்சாரம் ஓடும் கம்பி இல்லை' என்றுதான் வரும். பலர் பத்திரமாக இருப்பதாக நினைத்துச் செய்வது இதைத்தான். தேடி முடித்த பிறகு அந்தச் சர்க்கியூட்டை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் துளையிடுங்கள். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் எந்தக் கருவி என்ன சொன்னாலும் துளை வேண்டாம். கம்பி பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் போகும். கம்பியில் பட்டுவிட்டால் டேப் சுற்றிப் பூச்சுப் பூசி மறைக்காதீர்கள். வயரிங் வேலை செய்ய எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவு பெற்ற வயர்மேனுக்கு மட்டுமே அனுமதி.

பழைய தோட்ட லயன்களில் கதை வேறு. பலகைச் சுவரில் ஆணித் தலைகள் கண்ணுக்கே தெரியும். இரண்டு வெள்ளி காந்தம் போதும். ஆனால் பழைய கூரைத் தகட்டிலும் தட்டைச் சீலிங்கிலும் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு, எனவே துளையிடவே வேண்டாம். வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்றால் பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் எண், அதற்காகவே இருக்கிறது. நிர்வாகம் கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

இனி லேசர் மட்டம். ஒரு பலகை அடிக்க ரசமட்டமே போதும். மலாய்க்காரர் கடையில் 'தீம்பாங் ஆயிர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சமையலறைக் கேபினெட், தரைக்கல், நீளமான சீலிங் என்றால் லேசர் உழைப்பை மிச்சப்படுத்தும். பன்னிரண்டு கோடு, பதினாறு கோடு என்ற ஆசை காட்டுதலில் மயங்க வேண்டாம். வீட்டு வேலைக்கு ஒரு படுக்கைக் கோடும் ஒரு நிலைக் கோடும் போதும். பச்சைக் கோடு சிவப்பைவிடக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும்.

பார்க்க வேண்டியது துல்லியம், மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் பிழை என்பது ஏற்கத்தக்கது. சோதிக்க ஆசாரி தேவையில்லை. ஐந்து மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து அங்கே ஒரு குறி, திருப்பி எதிர்ச்சுவரில் ஒரு குறி. பிறகு கருவியை எதிர்ச்சுவரை ஒட்டி வைத்து, அந்தக் குறியில் கோடு படும்படி உயரத்தைச் சரிசெய்து, மறுபடி முதல் சுவரைப் பாருங்கள். பழைய குறிக்கும் புதுக் கோட்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சொன்ன துல்லியம் அதில் இல்லை. பொட்டலம் வந்த அன்றே இதைச் செய்து காணொளியாகப் பிடித்து வையுங்கள். 'ஆர்டர் பெறப்பட்டது' பொத்தானை அழுத்திவிட்டால் பணம் விற்பனையாளரிடம் போய்விடும்.

கண் விஷயம் இன்னும் முக்கியம். லேசரில் வகுப்பு 2 என்று ஒட்டியிருந்தால் அதன் சக்தி 1 மில்லிவாட்டுக்குள். தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் இமை தானாக மூடிக் காப்பாற்றும். வகுப்பு 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். வகுப்பே எழுதாத கருவியைத் தொடாதீர்கள். கூடவே தரும் வண்ணக் கண்ணாடி கோட்டைத் தெளிவாகக் காட்டத்தான், கண்ணைக் காக்க அல்ல. சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேசர் மட்டத்துக்கு இன்னொரு பயன் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை: வீட்டின் கோணலை அளந்து காட்டலாம். கோலசிலாங்கூர் கரையோரம் மென்மையான களிமண் பூமி. வீடு இறங்குவதும் சுவர் பிளப்பதும் இங்கே புதிதல்ல. புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போன நம் மக்கள் வெடித்த சுவர்களோடு எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது தெரிந்த கதை. பெஸ்தாரி ஜெயா பக்கம் சொந்த வீட்டுக்காகக் காத்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கும் லேசர் மட்டம் பயன்படும். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீடு என்றால், சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் பழுதுக்கு அவரே பொறுப்பு. எழுத்து மூலம் அறிவித்தால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. லேசர் கோட்டை ஓடவிட்டு அளவுகோலோடு படம் எடுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் கிளாசிக் தர மதிப்பீட்டில் சுவர் ஒரு மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் சாயக்கூடாது. அது தானாகச் சட்டமாகிவிடாது என்றாலும், 'கோணலாக இருக்குது சார்' என்பதைவிட எண்ணுக்கு எடை அதிகம்.

வாங்கிய கருவியே ஏமாற்றினால்? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு, வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34. எனக்குப் பிடித்தது 33: என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால் அந்த வேலைக்கு உதவ வேண்டும். ஆகவே வாங்கும் முன் விற்பனையாளருக்குச் செய்தி அனுப்புங்கள்: 'செங்கல் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டுமா?' அவர் 'போலே', அதாவது முடியும், என்று பதில் போட்டால் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் உங்கள் சாட்சி. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பால் இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது. ஆறாவது பிரிவு அதைத் தடுக்கிறது.

விற்பனையாளர் மசியாவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் இல்லை, இணையத்திலேயே பதியலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றம் செய்தவர் ஆகிறார். ஆனால் விற்றவர் சீனாவில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் எட்டாது. அதனால் எஸ்எஸ்எம் பதிவு எண்ணும் உள்ளூர் முகவரியும் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். ரினோவேஷன் வேலைக்காரர் தன் கம்பெனி பெயரில் வாங்கினாலும் இந்தச் சட்டம் உதவாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவரே பயனீட்டாளர். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். விசாரணை நாளில் கருவியையும் பெட்டியையும் 'போலே' படத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.